திரும்பி வந்த நாற்பது குழல்கள்

ஓர்சொலீனாவின் கையில் துடைப்பத்தைக் கொடுத்தாலும், முதலில் அதன் கட்டையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத்தான் பெருக்கத் தொடங்குவாள். எண்பத்தொரு வயதாகிவிட்டது, இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது, ஆனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

எதிர்வீட்டு சாந்தினா அவளோடு ஒரே பட்டறையில் முப்பது வருடம் மெருகு போட்டவள். இதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு தாங்காது.

"ஏண்டி, அது குப்பை கூட்டுறதுக்கு. மான் சுடுறதுக்கு இல்ல."

"வளைஞ்ச கட்டையால கூட்டினா குப்பையும் வளைஞ்சுதான் போகும். உனக்கு என்ன தெரியும், தேய்க்க மட்டும்தானே தெரியும்" என்பாள் ஓர்சொலீனா.

பிறகு இரண்டு பேரும் காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்து உட்காருவார்கள். மெல்லா ஆறு இப்போது அமைதியாகத்தான் ஓடுகிறது. அவர்கள் வேலைக்குப் போன காலத்தில் ஆற்றின் சத்தமே காதில் விழாது. பள்ளத்தாக்கு முழுக்க சக்கரம் சுற்றும், கல் உரசும், சுத்தியல் விழும். காற்றில் எண்ணெய் வாசனை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நின்றுபோனால், காது அடைத்துக்கொண்டதோ என்று ஓர்சொலீனா தலையை ஆட்டிப் பார்ப்பாளாம். அந்தச் சத்தத்தில் ஒன்றே ஒன்று மட்டும் அவளுக்குத் தனியாகக் கேட்கும். அது அவள் கணவன் பத்திஸ்தாவின் லேத். அவன் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

அவள் செய்த வேலை துப்பாக்கிக் குழல் நிமிர்த்துவது. யாரும் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. உலகப் போரின் கடைசி வருடத்தில், பதினாலு வயதில், ஆற்றங்கரைப் பட்டறையில் குழல்களை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தாள். சுற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஜன்னல் பக்கம் தூக்கி உள்ளே பார்ப்பாள். அதில் ஒரு காரணமும் இல்லை. உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாகப் போவது அழகாக இருந்தது, அவ்வளவுதான். நாலு வருடம் இப்படியே போயிற்று. ஒரு நாள் மூன்று குழல்களைச் சுற்றாமல் ஓரமாக வைத்தாள். ஏன் என்று கேட்டார்கள். "இதுங்க மூணும் நேரா நிக்கல" என்றாள். காகிதம் சுற்றும் பெண் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டுமா என்று திட்டிக்கொண்டே சோதித்தார்கள். மூன்றும் வளைந்திருந்தன. அடுத்த திங்கட்கிழமை அவளை வடக்கு ஜன்னலுக்கு மாற்றினார்கள். அங்கேயே முப்பத்தாறு வருடம் நின்றாள்.

அந்த ஜன்னலின் மேல்பாதியில் குறுக்காக ஒரு கறுப்புச் சட்டம் அடித்திருந்தது. குழலை அதை நோக்கித் தூக்கிப் பார்த்தால், சட்டத்தின் நிழல் குழலின் உட்சுவரில் இரண்டு மெல்லிய கோடாக விழும். குழல் நேராக இருந்தால் கோடு இழுத்துக் கட்டிய நூல் போல ஓடும். எங்காவது வளைந்திருந்தால், அந்த இடத்தில் கோடு லேசாக வயிறு தள்ளும். ஓர்சொலீனா குழலை மெல்ல உருட்டி, எந்தப் பக்கம், எத்தனை சாண் தள்ளி என்று பார்ப்பாள். அந்த இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே குழலை இரண்டு கட்டைகளின் மேல் வைத்து, தலைக்கு மேலே இருக்கும் பெரிய சக்கரத்தைத் திருகுவாள். திருகு இறங்கி அந்த இடத்தை அமுக்கும். மறுபடி தூக்கிப் பார்ப்பாள். நேராகிவிட்டால் தன் குறியைக் குத்துவாள். இரண்டு புள்ளி, பக்கத்தில் பக்கத்தில்.

குறி எதற்கென்றால், பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. குறை சொல்லித் திரும்பி வரும் குழலைச் சிவப்புக் கயிற்றில் கட்டி, அதைக் கெடுத்தவரின் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆணியில் மாட்டுவார்கள். சனிக்கிழமை சங்கு ஊதும் வரைக்கும் அது அங்கே தொங்கும். முதலாளி ஒரு வார்த்தை திட்ட மாட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்துக்கொண்டு போவார்கள், அது போதும். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆணி உண்டு. முதல் பத்தொன்பது வருடத்தில் ஓர்சொலீனாவின் ஆணியில் ஒரு குழலும் தொங்கியதில்லை. அவள் அதில் தன் சால்வையை மாட்டி வைத்திருந்தாள். அதைப் பார்த்து வயிறு எரிந்தவர்களும் உண்டு.

பத்திஸ்தாவின் லேத் அவளுடைய ஜன்னலிலிருந்து இருபது தப்படியில் இருந்தது. குழலின் வெளிப்பக்கத்தைச் சீவிச் சீவி, அடியில் பருமனும் முனையில் மெலிவுமாக ஆக்குவது அவன் வேலை. "நான் அந்த மனுஷனைப் பாத்துக் கட்டிக்கல. அந்த லேத் சத்தத்தைக் கேட்டுத்தான் கட்டிக்கிட்டேன். மழுங்கின கத்தியை வச்சு ஓட்டினா லேத் இருமும். அவன் லேத் ஒரு நாளும் இருமல" என்று அவள் சொல்வாள்.

முன்பெல்லாம் குழலுக்குள், குண்டு சுழன்று போவதற்கான சுருள் வரி போடுவது மெதுவான வேலை. துளைத்த குழலை முதலில் பத்திஸ்தா வெளியே சீவிவிடுவான். ஓர்சொலீனா லேசாக நிமிர்த்துவாள். கடைசியில் ஒரே ஒரு சின்னக் கொக்கியை உள்ளே விட்டு இழுப்பார்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் தலைமுடியில் கால்வாசி அளவுக்கு எஃகு சுரண்டிக்கொண்டு வரும். இழுத்து, திருப்பி, மறுபடி இழுத்து, ஒரு குழலுக்கு அரை நாள் போய்விடும். ஆனால் அந்தக் கொக்கி எஃகை அமுக்குவதில்லை, இழுத்து நீட்டுவதில்லை. வேண்டாததை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் அந்தக் குழலை அப்புறம் மறுபடி சீவினாலும் வளையாமல் கிடக்கும்.

1967 இலையுதிர் காலத்தில் முதலாளி பொர்த்தோலோ, எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சுத்தியல் இயந்திரம் வாங்கினார். லாரியில் வந்தது. உள்ளே கொண்டுபோகச் சுவரை இடிக்க வேண்டியதாயிற்று. அதை ஓட்டக் கற்றுக்கொள்ளப் பட்டறையிலிருந்த எர்மான்னோ என்பவனை இரண்டு வாரம் அங்கே அனுப்பினார்கள். அவன் இறகு வைத்த தொப்பியோடும் நாலு ஜெர்மன் கெட்ட வார்த்தையோடும் திரும்பி வந்தான்.

இயந்திரம் வேலை செய்யும் அழகைப் பார்க்கப் பட்டறையே கூடியது. குட்டையான, தடியான, நடுவில் துளைத்த இரும்புத் தண்டு. அதன் துளைக்குள் ஓர் உள்ளச்சு. அந்த அச்சின் மேல் சுருள் வரிகள் புடைத்துக்கொண்டு இருக்கும். நாலு பக்கமும் நாலு சுத்தியல். அடிக்கிற அடியில் எஃகு எங்கேயும் போக வழியில்லாமல் உள்ளச்சின் மேல் அமுங்கி, மாவு உருட்டினால் நீளுவது போல நீளும். அச்சை உருவி எடுத்தால் உள்ளே வரிகள் கண்ணாடி போல மின்னும்.

"நாலு நிமிஷம்!" என்று கத்துவான் எர்மான்னோ. அந்தச் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும். "ஒரு காப்பி ஆறதுக்குள்ள ஒரு குழல்! கொக்கிக்காரங்களெல்லாம் இனிமே மீன் பிடிக்கப் போங்கப்பா!"

அவன் சொன்னதில் பொய் இல்லை. உட்பக்கம் அவ்வளவு வழுவழுப்பான குழலை ஓர்சொலீனா அதுவரை பார்த்ததில்லை. ஆனால் அவை நேராக வரவில்லை. பழைய குழல் முடியளவு வளைந்திருந்தால் இது நகத்தளவு வளைந்திருந்தது. அடிபட்டு இறுகிய எஃகு வேறு. சக்கரத்தைக் கால் சுற்று திருகியது போய், அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று திருக வேண்டியிருந்தது.

"முரட்டுப் பிள்ளைங்க. இருந்தாலும் எங்கிட்ட வந்தா நிமிந்து நின்னுதானே ஆகணும்" என்று சாந்தினாவிடம் பெருமையடித்துக்கொண்டாள். ஒரு குழலைக்கூட அவள் முடியாது என்று திருப்பி அனுப்பவில்லை. இது இவ்வளவு வளைந்து வருகிறதே என்று எர்மான்னோவிடமும் சொல்லவில்லை, முதலாளியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளால் முடியவில்லை என்று நினைத்துவிடுவார்களே.

வரிசையும் மாறியது. இப்போது வரி முதலிலேயே விழுந்துவிடுகிறது. அதனால் சுத்தியல், பிறகு ஓர்சொலீனா, கடைசியில் பத்திஸ்தாவின் லேத் என்று ஆயிற்று. யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அடுத்த வருடம் வசந்தத்தில், குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்கு என்று நாற்பது குழல்கள் கேட்டு ஆர்டர் வந்தது. பட்டறைக்கு அது பெரிய கௌரவம். மெலிந்த, எடை குறைந்த குழல்களாக வேண்டும் என்றார்கள். பத்திஸ்தா வழக்கத்தைவிட ஆழமாகச் சீவினான். பொர்த்தோலோ ஒவ்வொரு குழலையும் லேத்துக்குப் போகும் முன் தன் கண்ணாலேயே பார்த்தார். நாற்பதும் நூல் பிடித்தாற்போல் இருந்தன. அதனால் லேத்துக்குப் பிறகு மறுபடி பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று வாரத்தில் நாற்பதும் திரும்பி வந்தன. முதல் இரண்டு குண்டு சரியாகப் போகிறது, குழல் சூடேற ஏற அடுத்தது எல்லாம் ஒரு பக்கமாக நகர்கிறது என்று சீட்டு எழுதியிருந்தார்கள். உள்ளே பார்த்தால் முப்பத்தொன்று கண்ணுக்கே தெரிகிற மாதிரி வளைந்திருந்தன.

பொர்த்தோலோ சிவப்புக் கயிறு கட்டிய அந்தக் குழல்களை எந்த ஆணியிலும் மாட்டவில்லை. ஜன்னலுக்கும் லேத்துக்கும் நடுவில், தரையில் அடுக்கி வைத்தார். எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"யாரோடதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஓர்சொலீனாவுக்கு வாய் முந்திக்கொண்டது. "என் கையை விட்டுப் போகும்போது நேரா இருந்துச்சு. நீங்களே பாத்தீங்க."

அது உண்மைதான். ஆனால் அதைச் சொன்ன பிறகு மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆள். பத்திஸ்தா அவளைப் பார்த்தான். துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைக்க ஒன்றும் இல்லாதபோதும்.

"பத்திஸ்தா, ஆழமா வெட்டினியா? கத்தி சூடேறிடுச்சா? இல்ல, இறுக்கிப் பிடிச்சிட்டியா?" என்று கேட்டார் பொர்த்தோலோ.

"இருபத்திரெண்டு வருஷமா எப்படிச் சீவுறேனோ அப்படித்தான் சீவினேன்."

"அப்புறம் எப்படி வளைஞ்சுது?"

"எனக்குத் தெரியல."

"அடுத்த வாரம் சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். காரணம் தெரிஞ்சா சரி. இல்லேன்னா திங்கட்கிழமையிலேர்ந்து நீ கீழ கல்லுக்குப் போ. லேத்துக்கு வேற ஆள் பாத்துக்குறேன்."

கீழே என்றால் ஆற்று மட்டத்தில் இருந்த நிலவறை. அங்கே சாணைக்கல்லில் நாள் முழுக்க ஈரத்தில் நின்று முரட்டு வேலை செய்வார்கள். புதிதாக வருகிறவர்கள் அங்கே தொடங்கி மேலே வருவதுதான் வழக்கம். மேலேயிருந்து கீழே போனவர் ஒருவரும் இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது. பேச வேண்டியதைப் பூனையிடம் பேசினார்கள்.

"பூனையே, உப்பு எங்க வச்சிருக்காங்கன்னு கேளு" என்பான் பத்திஸ்தா.

"பூனையே, கண்ணு முன்னாடி இருக்கிறதைப் பாக்கத் தெரியலைன்னா லேத் எப்படி ஓட்டுறாங்கன்னு கேளு" என்பாள் அவள். சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

பட்டறையில் எர்மான்னோவின் வாய் சும்மா இருக்கவில்லை. "சாப்பாட்டுல என்னத்தைப் போட்டாளோ, மனுஷன் கை கோணிடுச்சு" என்றான். சிலர் சிரித்தார்கள். ஓர்சொலீனா சிரிக்கவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. அதுதான் சாந்தினாவுக்குப் பயமாக இருந்ததாம். அவள் பதில் சொல்லாமல் விட்ட பேச்சே கிடையாது.

இரண்டாவது வாரம் புதன்கிழமை, மதியச் சங்கு ஊதி எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அவள் தரையில் கிடந்த குழல்களில் ஒன்றை எடுத்து ஜன்னலில் பிடித்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. எட்டு நாளாக அவற்றைத் தொடவே இல்லை.

நிழல்கோடு அடிப்பக்கத்திலிருந்து இரண்டு சாண் தள்ளி வயிறு தள்ளியது. அடிமுனையில் எஃகு ஆலையின் முத்திரை குத்தியிருக்கும். அந்த முத்திரைக்கு நேர் எதிர்ப்பக்கமாக வளைந்திருந்தது.

அவளுக்கு அந்தக் குழல் ஞாபகம் வந்தது. மற்றவர்கள் முகத்தை ஞாபகம் வைப்பது போல அவள் குழல்களை ஞாபகம் வைப்பாள். முக்கால் சுற்று திருகிய குழல் அது. இரண்டு சாண், முத்திரைக்கு எதிர்ப்பக்கம். சுத்தியலிலிருந்து வந்தபோது அதே இடத்தில், அதே பக்கமாகத்தான் வளைந்திருந்தது.

இரண்டாவதை எடுத்தாள். முனையிலிருந்து ஒரு சாண், முத்திரைக்கு இடப்பக்கம். அதுவும் அப்படித்தான் வந்தது. மூன்றாவது, நாலாவது. ஐந்தாவதைப் பார்த்துவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பத்திஸ்தா வளைக்கவில்லை. அவள் நிமிர்த்தவும் இல்லை. அவள் அமுக்கியபோது குழலின் மேல்தோல்தான் இணங்கியிருக்கிறது. உள்ளே இருந்த எஃகு தன் பழைய வளைவை மறக்கவே இல்லை, மேல்தோல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. பத்திஸ்தா அந்தத் தோலைச் சீவி எடுத்ததும், பிடி விட்டது, உள்ளே இருந்தது பழைய இடத்துக்கே போய்விட்டது. கொக்கிக் காலத்தில் முதலில் சீவிவிட்டு அப்புறம் நிமிர்த்தினார்கள். அதுவும் கொஞ்சம்தான் நிமிர்த்த வேண்டியிருந்தது. இப்போது அவள் முக்கால் சுற்று திருகி, ஒரு பெரிய வளைவை யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்து, இரண்டு புள்ளியும் குத்தி அனுப்பியிருக்கிறாள்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று முழுக்க சால்வை தொங்கிய அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடம்! சொல்லாவிட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. கீழே கல் வேலை என்ன, உயிரா போய்விடும், ஒரு வருடத்தில் முதலாளி மனம் மாறாமலா போவார் என்று ஒரு கணக்கும் மனதில் ஓடியது. அப்படி ஓடியதை அவள் மறைப்பதில்லை. இன்றைக்கும் இந்தக் கதையைச் சொல்லும்போது, "ஒரு நாள் முழுக்க அவனைக் கீழ அனுப்பிட்டேன், மனசுக்குள்ள" என்று தவறாமல் சொல்வாள்.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார்கள். அவள் பொலெந்தா என்கிற மக்காச்சோளக் களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது பத்திஸ்தா மேசையில் உட்கார்ந்து, வலது கையை நீட்டி, விரல்களை விரித்து, அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுங்குகிறதா என்று பார்க்கிறான். அவன் அப்பாவுக்கு ஐம்பது வயதில் கை நடுக்கம் வந்து, சட்டைப் பொத்தானைக்கூட அவன் அம்மாதான் போட்டுவிட்டாள். அவள் பார்ப்பது தெரிந்ததும் சட்டென்று கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனான்.

பொலெந்தா அடிப்பிடித்தது. அவள் கிண்டுவதை நிறுத்தியதே அவளுக்குத் தெரியவில்லை.

அன்று சங்கு ஊதுவதற்கு முன்பே பட்டறைக்குத் திரும்பி, நேராக முதலாளியிடம் போனாள்.

"சனிக்கிழமை காலையில எனக்கு ஒரு மணி நேரம் வேணும். லேத்தும் வேணும், அவனும் வேணும்."

"புருஷனுக்காகக் கெஞ்ச வந்தியா?"

"கெஞ்ச வரல. பாக்கக் கூப்பிட வந்தேன்."

சனிக்கிழமை காலை மூன்று குழல்களைப் பலகையில் வரிசையாக வைத்தாள். முதலாவது கொக்கியால் வரி போட்ட பழைய குழல், அதிகம் சீவாமல் தடியாகவே விட்டது, மிஞ்சிக் கிடந்தது. இரண்டாவது சுத்தியலில் அடித்தது, அபூர்வமாகத் தானே நேராக வந்தது, அவள் கை படவில்லை. மூன்றாவதும் சுத்தியலில் அடித்தது, நன்றாக வளைந்தது. அதை எல்லோர் முன்னாலும் முக்கால் சுற்று திருகி நிமிர்த்திப் பொர்த்தோலோவிடம் நீட்டினாள்.

அவர் பார்த்தார். "நூல் மாதிரி இருக்கு."

அவள் உளியை எடுத்து, அந்தக் குழலின் அடிமுகத்தில், ஓரமாக ஒரு புள்ளி குத்தினாள். "சீவி முடிச்சதும் இது இந்தப் பக்கமா வளையும். அடியிலேர்ந்து மூணு சாண்ல."

எர்மான்னோ சிரித்தான். "குறி சொல்ல ஆரம்பிச்சிட்டா! தாயத்தும் கட்டுவியா?"

"உன் தொப்பியில இருக்கிற இறகைக் குடு, கட்டிவிடுறேன்" என்றாள். பதினோரு நாளுக்குப் பிறகு அவள் பதில் சொன்னதைக் கேட்டு சாந்தினாவுக்கு மூச்சு வந்தது.

பத்திஸ்தா மூன்றையும் ஒரே மாதிரி, அந்த நாற்பது குழல்களைச் சீவிய அதே அளவுக்குச் சீவினான். அவசரப்படவில்லை. லேத் இருமவில்லை. நாற்பது பேர் இருந்த அந்த இடத்தில் சீவல் உதிரும் சத்தம் மட்டும் கேட்டது.

பழைய குழலைப் பொர்த்தோலோ ஜன்னலில் பிடித்தார். ஒரு மாற்றமும் இல்லை. ஈயக்குண்டு ஒன்றை உள்ளே விட்டுத் தடியால் தள்ளினார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே இறுக்கமாகப் போயிற்று.

இரண்டாவது நேராகவே இருந்தது. ஆனால் ஈயக்குண்டு முக்கால் தூரம் இறுக்கமாகப் போய், மெலிந்த முனைக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தது. வெளியே சீவிய இடத்தில் உள்ளே துளை விரிந்துவிட்டது. எர்மான்னோவின் முகம் மாறியது.

"என் இயந்திரத்துல வந்தப்போ சரியாத்தான் இருந்துச்சு!"

"நானும் அதையேதான் சொன்னேன், பதினோரு நாளுக்கு முன்னாடி" என்றாள் ஓர்சொலீனா.

மூன்றாவதைப் பொர்த்தோலோ வெகுநேரம் பார்த்தார். மெல்ல உருட்டினார். நிறுத்தினார். கட்டைவிரலை வைத்துக்கொண்டு கீழே இறக்கி, சாண் போட்டார். மூன்று சாண். அடிமுகத்தைத் திருப்பினார். அவள் குத்திய புள்ளி கட்டைவிரலுக்கு நேராக இருந்தது.

"அப்போ இது யாரோடது?" என்று கேட்டார்.

"அடிச்ச எஃகு உள்ள முறுக்கிக்கிட்டு நிக்குது. அது யார் தப்பும் இல்ல, அந்த வேலை அப்படி. ஆனா அது இவ்வளவு வளைஞ்சு வருதுன்னு பாத்தது நான் ஒருத்திதான். பாத்துட்டு, உங்க யாருக்கும் தெரியாம மறைச்சது நான்தான். அவன் கை அதைத் திறந்து காட்டிச்சு, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு ஆணியிலிருந்து சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அந்தக் குழலைச் சிவப்புக் கயிற்றில் கட்டித் தானே மாட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை. இரண்டு தடவை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தது. யாரும் உதவிக்கு வரவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை.

பத்திஸ்தா லேத்திலேயே இருந்தான். நிலவறைப் பேச்சை அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை. நாற்பது குழல்களையும் புதிதாகச் செய்வது என்று முடிவாயிற்று. சுத்தியலில் அடித்த குழலை இனி உலையில் வைக்க வேண்டும், சிவப்பு ஏறுவதற்குச் சற்று முன் வரைக்கும் சூடாக்கி, கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிட வேண்டும், அப்போதுதான் எஃகின் முறுக்கு இறங்கும். அதற்குப் பிறகு லேத். கடைசியில்தான் நிமிர்த்துவது, அதுவும் கொஞ்சமாக. அதிகம் வளைந்திருந்தால் மறுபடி உலைக்கே போக வேண்டும்.

"புது நாற்பதும் தேறுற வரைக்கும் நீ ஜன்னல் பக்கம் வரக்கூடாது. உலையைப் பாத்துக்கோ" என்றார் பொர்த்தோலோ ஓர்சொலீனாவிடம். "நிமிர்த்துறதை நானே பாத்துக்குறேன்." சொன்னபடியே அவரே நிமிர்த்தினார், நன்றாகவும் திணறினார்.

உலை இருந்தது பத்திஸ்தாவின் லேத்துக்கு நேர் பின்னால். கையை நீட்டினால் அவன் முதுகைத் தொட்டுவிடலாம். பதினாலு வருடம் குடும்பம் நடத்தியும், வேலை நேரத்தில் அவர்கள் இருபது தப்படிக்கு இந்தப் பக்கம் வந்ததில்லை. அந்தக் கோடை முழுக்க முதுகுக்கு முதுகு நின்றார்கள். அவன் சீவுவான், அவள் உலையின் சின்னத் துவாரத்தில் நெருப்பின் நிறம் பார்ப்பாள். வியர்வையில் முகம் கறுத்துப் போகும்.

"என் கை நடுங்குதுன்னு நினைச்சேல்ல?" என்று முதல் நாளே கேட்டான் அவன், திரும்பாமலே.

"நீதான் நினைச்ச. நான் நினைக்கல."

"பூனைகிட்ட சொன்னியே."

"பூனைகிட்ட சொன்னதெல்லாம் கணக்குல சேராது."

அப்படித் தொடங்கிய பேச்சு நிற்கவே இல்லை. வீட்டில் பேசாமல் விட்ட பதினாலு வருடத்தை அங்கே பேசித் தீர்த்தார்கள். எந்தத் திருவிழாவில் யார் யாரை முதலில் பார்த்தது என்று மூன்று நாள் சண்டை போட்டார்கள். லேத் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டும், அதனால் அவர்கள் குடும்ப விஷயம் பட்டறைக்கே தெரிந்தது. மெருகுப் பிரிவில் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டதாக சாந்தினா சொல்கிறாள். மதியம் ரொட்டியும் சலாமி இறைச்சியும் கொண்டுவந்து, உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே சாப்பிட்டார்கள்.

"அப்புறம் எத்தனையோ நல்ல காலம் வந்துச்சு. வீடு கட்டினோம், கடலைப் பாத்தோம். ஆனா அந்தக் கோடை மாதிரி வரல" என்கிறாள் ஓர்சொலீனா. சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்துவிடுகிறது. சாந்தினா ஒன்றும் கிண்டல் செய்வதில்லை, காப்பியை மட்டும் அவள் பக்கம் நகர்த்தி வைப்பாள்.

செப்டம்பரில் சீட்டு வந்தது. நாற்பதும் தேறிவிட்டன. குழல் சூடேறியும் குண்டு நகரவில்லை. பொர்த்தோலோ அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உலைப் பக்கம் வந்தார். எர்மான்னோவும் பின்னாலேயே வந்தான்.

"ஓர்சொலீனா, திங்கட்கிழமையிலேர்ந்து உன் ஜன்னலுக்குப் போ."

அவள் துவாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உள்ள இன்னும் எட்டு குழல் இருக்கு, முதலாளி. இன்னும் ஒரு வாரம் இங்கேயே இருந்துட்டுப் போறேனே."

"அட, தண்டனை முடிஞ்சுதும்மா!" என்றார் பொர்த்தோலோ.

"அவளோடது முடிஞ்சுது, சரி" என்றான் பத்திஸ்தா, லேத்திலிருந்து திரும்பாமல். "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் காதுல வாங்குறேனே, என்னோடது எப்ப முடியும்?"

பொர்த்தோலோ இரண்டு பேர் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு வாரம் என்றால் ஒரு வாரம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.